பனிமலைக்கும் பாறையேற்றத்துக்கும் இந்தியாவில் தயாரான குளிர் உடுப்பைத் தேடி வாங்குதல்: முழுமையான வழிகாட்டி

குளிர்காலத்தில் உத்தராகண்டின் கேதார்கந்தாவுக்கோ, கோடையில் மணாலிக்கு மேலே உள்ள ஃபிரெண்ட்ஷிப் சிகரத்துக்கோ செல்லத் திட்டமிடுபவர்கள் முதலில் கேட்பது எந்த ஜாக்கெட் வாங்கலாம் என்பதைத்தான். இந்தியாவிலேயே தயாரானது அந்தக் குளிருக்குத் தாங்குமா என்ற ஐயம் அதற்கு அடுத்து எழுகிறது. அதற்கு ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் விடை கூற இயலாது. மலையில் நாம் உடுத்துவது தனியொரு ஜாக்கெட்டை அன்று. ஒன்றன்மேல் ஒன்றாக நான்கைந்து அடுக்குகளை உடுத்துகிறோம். அவற்றுள் சிலவற்றை இழை முதல் தையல் வரை இந்தியப் பொருளாகவே வாங்கலாம். சிலவற்றில் தையல் மட்டுமே இந்நாட்டினுடையது. ஓர் அடுக்கில் மட்டும், உள்நாட்டுப் பொருளோ அயல்நாட்டுப் பொருளோ, நீங்களே சோதித்துப் பார்க்காமல் நம்பக்கூடாது. எந்த அடுக்கில் நாட்டுத் தயாரிப்பை உறுதியாகத் தேடலாம், எங்கே எச்சரிக்கை வேண்டும் என்பதைப் படிப்படியாகக் கூறுவதே இவ்வழிகாட்டியின் நோக்கம்.

முதற்படி: எந்தக் குளிர் என்பதை முடிவு செய்யுங்கள்

உயரம் 1,000 மீட்டர் கூடும்போது வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். கேதார்கந்தா பயணம் தொடங்கும் சாங்க்ரி ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்திலும், சிகரம் 3,810 மீட்டர் உயரத்திலும் உள்ளன. ஆகவே உயர வேறுபாட்டால் மட்டுமே 12 டிகிரி வரை குறையும். இரவும் காற்றும் சேர்ந்தால் டிசம்பர், ஜனவரி மாதங்களின் விடியற்காலையில் சிகரத்தில் மைனஸ் 10 டிகிரியை எதிர்பார்த்தே செல்ல வேண்டும். அங்குள்ள குளிர் பெரும்பாலும் உலர்ந்த குளிர். விழுவது மழையன்று, பனி.

நீலகிரியிலும் கொடைக்கானல் மலைகளிலும் நிலைமை வேறு. உதகையில் டிசம்பர், ஜனவரி இரவுகளில் வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டி இறங்கி உறைபனி படிவதுண்டு என்றாலும், ஆண்டின் பெரும்பகுதியில் அங்கே உடலை வாட்டுவது ஈரமும் காற்றும் கலந்த குளிர்தான். மைனஸ் 10 டிகிரிக்கென வாங்கிய, பறவைத் தூவி நிரப்பிய ஜாக்கெட் ஜூலை மாத அவலாஞ்சியில் சில மணி நேரத்தில் நனைந்து பயனற்றுப் போகும். பாறையேற்றத்துக்காக மட்டும் பாதாமியின் மணற்கல் பாறைகளுக்கோ ஹம்பியின் கருங்கல் குன்றுகளுக்கோ செல்பவர்களுக்கு, குளிர்கால மாலைகளுக்கு ஒரு மெல்லிய காற்றுத்தடுப்பு ஜாக்கெட் போதும். அவர்கள் இவ்வழிகாட்டியின் பாதியைத் தாண்டிச் செல்லலாம்.

செல்லும் இடம், மாதம், இரவு தங்கும் உயரம், மழையா பனியா என்ற நான்கையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் எதை விற்க விரும்புகிறார் என்பது அதன்பிறகு உங்களைக் குழப்பாது.

இரண்டாம் படி: ‘உள்நாட்டுத் தயாரிப்பு’ என்பதற்கு உங்கள் வரையறை என்ன?

ஒரு மழை ஜாக்கெட்டில் வெளித்துணி, அதன் உட்புறம் ஒட்டப்பட்ட நீர்த்தடுப்புச் சவ்வு, தையல் துளைகளை மூடும் நாடா, ஜிப், நூல், நீர் விலக்கும் வேதிப்பூச்சு என்று குறைந்தது ஆறு பொருள்கள் உள்ளன. நூல் மதுரைக் கோட்ஸ் ஆலையிலிருந்து வந்திருக்கலாம். ஜிப் செய்யும் ஒய்.கே.கே. ஜப்பானிய நிறுவனமே ஆனாலும் ஹரியானாவின் பாவலில் அதற்கு ஆலை உண்டு. பாலியெஸ்டர் துணி சூரத்தில் நெய்யப்பட்டிருக்கலாம். சவ்வு மட்டும் பெரும்பாலும் கிழக்காசியாவிலிருந்து கப்பலேறி வந்திருக்கும். இவையெல்லாம் பெங்களூரிலோ டெல்லிக்கு அருகிலோ ஒன்றாகத் தைக்கப்பட்டால் அது இந்தியத் தயாரிப்புதானா?

சட்டப்படி ஆம். உங்கள் மனத்தளவில் என்ன என்பதை நீங்களே முடிவு செய்ய வேண்டும். இங்குள்ள தொழிலாளிக்கு வேலை கிடைக்க வேண்டும் என்பது நோக்கமானால் தையல் இங்கே நடந்தால் போதுமானது. ஆடைத் தொழிலில் மிகுதியான கைகளுக்கு வேலை தருவது தையல்தான். பழுது பார்ப்பதற்கும் கேள்வி கேட்பதற்கும் ஆள் அருகில் இருக்க வேண்டும் என்பது நோக்கமானால், வடிவமைப்பும் விற்பனைக்குப் பிந்தைய சேவையும் இங்கே இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இழை முதல் எல்லாம் இங்கேயே என்று பிடிவாதம் பிடிப்பவர்களுக்கு ஃபிளீஸ் (மென்மயிர்ப் பரப்புள்ள பாலியெஸ்டர் பின்னல்), செயற்கைப் பஞ்சு நிரப்பிய ஜாக்கெட், காற்றுத்தடுப்பு ஜாக்கெட் ஆகிய மூன்றில் வழியுண்டு. மற்றவற்றில் ஏமாற்றமே மிஞ்சும். நான் இரண்டாவது கட்சி. மலையில் கிழிந்த ஜாக்கெட்டுக்கு, அதைத் தைத்தவரின் தொலைபேசி எண் கையில் இருப்பது பெரிய வசதி.

மூன்றாம் படி: சீட்டைப் படியுங்கள்

பொதியப்பட்டு விற்கப்படும் பொருளின் சீட்டில் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும், தயாரித்த மாதமும் ஆண்டும், அதிகபட்ச சில்லறை விலையும், இறக்குமதிப் பொருளானால் அது தயாரான நாடும் இருக்க வேண்டும் என்று 2011-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு விதிகள் கூறுகின்றன. இணையத்தில் விற்பவர்களும் பொருள் தயாரான நாட்டைக் காட்ட வேண்டும் என்பதை 2020-இல் வந்த மின்வணிக விதிகள் வலியுறுத்தின.

சீட்டில் ‘தயாரித்தவர்’, ‘சந்தைப்படுத்துபவர்’, ‘இறக்குமதி செய்தவர்’ என்ற மூன்று சொற்களும் மூன்று வெவ்வேறு பொருள் தருபவை. சந்தைப்படுத்துபவரின் முகவரி மும்பையாகவோ பெங்களூராகவோ இருப்பதால் ஜாக்கெட் அங்கே தைக்கப்பட்டது என்று கொள்ளக்கூடாது. இந்தியப் பெயர் தாங்கிய பல நிறுவனங்கள் தம் பொருள்களில் சிலவற்றைச் சீனாவிலிருந்து ஆயத்தமாக வாங்கித் தம் முத்திரையைக் குத்தி விற்கின்றன. இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. பிரான்ஸ் நாட்டின் டெகாத்லான் நிறுவனம் நெடுங்காலமாக இந்திய ஆலைகளிலிருந்து பொருள் வாங்குகிறது. அதன் கடையில் ஒரே மாடத்தில் இந்தியாவிலும் வங்கதேசத்திலும் வியட்நாமிலும் தயாரான உடுப்புகள் அருகருகே தொங்கும். ஆகவே நிறுவனத்தின் பெயரைக் கொண்டு முடிவு செய்யாமல், கையில் எடுத்த அந்த ஓர் உடுப்பின் உட்புறத் தையலில் உள்ள சீட்டைப் புரட்டிப் பாருங்கள். ஒரே மாதிரி ஜாக்கெட்டின் அடுத்த ஆண்டுச் சரக்கு வேறு நாட்டிலிருந்து வந்திருக்கக்கூடும்.

தயாரித்த மாதத்தையும் ஆண்டையும் தவறாமல் பாருங்கள். பாலியுரித்தேன் பூசிய துணி, உடுத்தாமல் வைத்திருந்தாலும் மூப்படையும். சென்னையின் ஈரக்காற்றில் நான்கு ஆண்டுகள் கிடங்கில் கிடந்து பாதி விலைக்கு வரும் மழை ஜாக்கெட்டின் உட்பூச்சு, வாங்கிய முதல் ஆண்டிலேயே தோலுரிவதைப்போல உரியத் தொடங்கலாம்.

விலையைப் பற்றி ஒரு குறிப்பு. 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையிலான ஆடைக்கு 5 விழுக்காடும், அதற்கு மேற்பட்ட விலையுள்ள ஆடைக்கு 18 விழுக்காடும் சரக்கு சேவை வரி விதிக்கப்படுகிறது. தரமான குளிர் உடுப்புகள் பெரும்பாலும் இரண்டாவது பிரிவில் வருவதால், நேரடியாகத் தயாரிப்பாளரிடம் கேட்கும்போது சொல்லப்படும் விலை வரி சேர்ந்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: அடுக்கடுக்காகத் தேடுங்கள்

உடலை ஒட்டிய உள்ளடுக்கிலிருந்து தொடங்குங்கள். திருப்பூரைக் கையருகில் வைத்துக்கொண்டு உள்ளாடைக்கு அலைவானேன் என்று தோன்றலாம். ஆனால் திருப்பூரின் பெரும்புகழ் பருத்திப் பின்னலாடைக்கு உரியது, பருத்தியோ மலைக்கு ஆகாது. வியர்வையை உறிஞ்சித் தன்னுள்ளேயே வைத்துக்கொண்டு, நடை நின்றதும் உடலைக் குளிரச் செய்யும். அவ்வூரிலேயே ஏற்றுமதிக்கென விளையாட்டுடைகள் தைக்கும் ஆலைகள் பாலியெஸ்டர் பின்னலிலும் இறங்கியுள்ளன. தேட வேண்டியவை அவைதாம். சதுர மீட்டருக்கு 120 முதல் 180 கிராம் எடையுள்ள பாலியெஸ்டர் பின்னலில், அக்குளில் தனித்துண்டு வைத்துத் தைத்த முழுக்கை உள்ளாடை பெரும்பாலான பயணங்களுக்குப் போதும். கடைகளில் ‘தெர்மல்’ என்று விற்கப்படுபவற்றுள் பல பருத்தி கலந்தவை என்பதால், இழை விகிதத்தைச் சீட்டில் பார்க்காமல் வாங்காதீர்கள்.

மெரினோ என்ற மென்மயிர் ஆட்டினத்தின் கம்பளியில் உள்ளாடை விரும்புபவர்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். இந்தியக் கம்பளியின் பெரும்பகுதி கம்பளத்துக்கு ஏற்ற முரட்டு ரகம். தோலை உறுத்தாத உள்ளாடைக்கு 19 மைக்ரான் அளவில் அல்லது அதற்கும் மெல்லிய இழை வேண்டும். எனவே இங்கே தைக்கப்படும் மெரினோ உடைகளின் இழை பெரும்பாலும் ஆஸ்திரேலியாவிலிருந்து வருவது. உதகையை அடுத்த சாண்டிநல்லா ஆராய்ச்சி நிலையத்தில் நீலகிரி ஆட்டையும் மெரினோவையும் கலந்து சாண்டினோ என்ற இனத்தை உருவாக்கினார்கள். கொடைக்கானல் மலையிலுள்ள மன்னவனூரில் பாரத் மெரினோ ஆடுகள் வளர்க்கப்படுகின்றன. நம் மலைகளிலேயே மென்கம்பளி விளைகிறது என்றாலும் அதில் நெய்த மலையேற்ற உள்ளாடையைக் கடையில் காண்பது அரிது. அந்த நாள் வந்தால் முதல் ஆளாக வாங்குவேன்.

நடு அடுக்கான ஃபிளீஸில் தேடல் எளிது. பின்னல் கம்பளியாடைகளுக்குப் பெயர்போன லூதியானாவில் பாலியெஸ்டர் ஃபிளீஸும் பெருமளவில் உருவாகிறது. இழையும் உள்நாட்டிலேயே கிடைக்கிறது. சதுர மீட்டருக்கு 100 கிராம் எடையுள்ளது நடக்கும்போது உடுத்தவும், 200 கிராம் எடையுள்ளது முகாமில் உடுத்தவும் பொருந்தும். உட்புறம் கட்டம் கட்டமாக மேடு பள்ளம் உள்ள ஃபிளீஸ், எடைக்கு மிஞ்சிய வெப்பம் தந்து வியர்வையையும் வெளியேற்றும் என்பதால் ஏறுபவர்களுக்கு அதுவே ஏற்றது. மலிவான ஃபிளீஸின் குறை குளிரில் தெரியாது, சலவையில் தெரியும்: இரண்டு மூன்று முறை துவைத்தபின் இழைகள் உருண்டு முடிச்சு முடிச்சாகிவிடும். கடையில் உள்ளங்கையால் அழுத்தி இருபது முறை தேய்த்துப் பார்த்தால் ஓரளவு புலப்படும்.

அடுத்தது வெப்பம் காக்கும் ஜாக்கெட். தூவியா செயற்கைப் பஞ்சா என்ற கேள்வி இங்கே எழும். வாத்து, கூஸ் வாத்து ஆகியவற்றின் மார்புத் தூவிக்கு இணையாக எடைக்கு எடை வெப்பம் தருவது வேறில்லை. ஆனால் உலகச் சந்தையில் புழங்கும் தூவியில் பெரும்பகுதி சீனாவிலிருந்து வருகிறது. இந்தியாவில் தைத்த தூவி ஜாக்கெட் என்பது இறக்குமதி செய்த தூவியை இங்கே நிரப்பித் தைத்தது என்றே கொள்ளலாம். செயற்கைப் பஞ்சில் நிலைமை வேறு. ரிலையன்ஸின் ரெக்ரான் போன்ற பாலியெஸ்டர் நிரப்பிழைகள் இங்கேயே உற்பத்தியாகின்றன. வெளித்துணி, நிரப்பு, தையல் மூன்றும் இந்தியாவினுடையதாக ஒரு வெப்ப ஜாக்கெட் வேண்டும் என்றால் நீங்கள் தேட வேண்டியது செயற்கைப் பஞ்சு ஜாக்கெட்டைத்தான். எடை சற்றுக் கூடும், சுருட்டினால் பையில் அதிக இடம் பிடிக்கும். ஆனால் நனைந்தாலும் ஓரளவு வெப்பம் காக்கும், வீட்டிலேயே துவைக்கலாம். மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் இமயத்துக்கும் ஒரே ஜாக்கெட்டை வைத்துச் சமாளிக்க விரும்புபவர்களுக்கு நான் இதையே சொல்வேன்.

தூவி ஜாக்கெட்டே வேண்டுமானால் இரண்டு எண்களைக் கேளுங்கள். முதலாவது, ஓர் அவுன்ஸ் தூவி எத்தனை கன அங்குலம் விரிகிறது என்பது. 600 நடுத்தரம், 800 உயர்தரம். இரண்டாவது, ஜாக்கெட்டினுள் மொத்தம் எத்தனை கிராம் தூவி இருக்கிறது என்பது. முதலாவதைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு இரண்டாவதைச் சொல்லாமல் விடும் விற்பனையாளர்கள் பலர். 800 என்ற எண் உள்ள 60 கிராம் தூவியைவிட, 650 என்ற எண் உள்ள 150 கிராம் தூவி வெப்பமாக இருக்கும். ‘மைனஸ் 20 டிகிரி ஜாக்கெட்’ என்ற விளம்பரத்தை அப்படியே ஏற்க வேண்டாம். தூங்குபைகளுக்கு ஐ.எஸ்.ஓ. 23537 என்ற வெப்பநிலைத் தரம் இருக்கிறது. மலையேற்ற ஜாக்கெட்டுகளுக்கு அதைப்போல எல்லாரும் கடைப்பிடிக்கும் அளவீடு இல்லை. நிற்பவருக்கும் நடப்பவருக்கும் வெப்பத் தேவை வெகுவாக மாறுபடுவதே காரணம்.

காற்றுத்தடுப்பு ஜாக்கெட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நெருக்கமாக நெய்த மெல்லிய நைலான் அல்லது பாலியெஸ்டர் துணி, ஒரு தலையுறை, ஒரு ஜிப். இந்திய ஆலைகளுக்கு இது எளிய வேலை. 100 முதல் 150 கிராம் எடையில் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். பயணம் முழுவதும் மிகுதியாக உடுத்தப்போவது இதைத்தான்.

கடைசியில் வருவது நீர்த்தடுப்பு மேலுடுப்பு. முன்னர் எச்சரித்த அடுக்கு இதுவே. நீர்த்தடுப்பை மி.மீ. கணக்கில் அளப்பார்கள்: ஐ.எஸ்.ஓ. 811 முறையில் துணியின்மேல் நீரின் அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போய், எத்தனை மி.மீ. நீர்த்தம்ப உயரத்தில் நீர் ஊடுருவுகிறது என்று பார்ப்பது. 5,000 என்பது நகர மழைக்கு. முதுகுப்பையின் பட்டை தோளை அழுத்தும் பயணத்துக்கு 10,000 வேண்டும். பனியில் மண்டியிட்டு வேலை செய்யும் ஏறுபவர்களுக்கு 20,000 நல்லது. வியர்வையாவி வெளியேறும் திறனை ஒரு சதுர மீட்டரில் 24 மணி நேரத்துக்கு எத்தனை கிராம் என்று கூறுவார்கள். இந்த இரண்டாவது எண்ணை அளக்கப் பல முறைகள் உள்ளன. ஒரே துணி ஒரு முறையில் 8,000 என்றும் மற்றொன்றில் 20,000 என்றும் வரும் என்பதால், முறையைச் சொல்லாத எண்ணுக்கு மதிப்புத் தர வேண்டாம்.

என் கருத்து இது: 4,500 மீட்டருக்குக் கீழான நடைப்பயணங்களுக்கு, தையல் முழுவதும் நாடா ஒட்டிய, 10,000 மி.மீ. அளவுள்ள இந்தியத் தயாரிப்பு மேலுடுப்பு போதும். பனியாற்றில் கயிறு கட்டி ஏறும் 6,000 மீட்டர் சிகரங்களுக்கு, சோதனைச் சான்று காட்ட முடியாத எந்த மேலுடுப்பையும், அது எந்நாட்டினுடையதாக இருந்தாலும், எடுத்துச் செல்லாதீர்கள்.

ஐந்தாம் படி: எங்கே தேடுவது

பெங்களூரின் வைல்டுகிராஃப்ட், மும்பையின் கோஷா, மலைப்பயண உடைகளில் கவனம் செலுத்தும் கோக்யோ, பைகளுடன் ஜாக்கெட்டுகளும் விற்கும் ட்ரைபோல் ஆகியவை தேடலைத் தொடங்க உதவும் இந்தியப் பெயர்கள். இவற்றின் எல்லாப் பொருள்களும் இங்கேயே தயாரானவை என்று கொள்ளாமல், மூன்றாம் படியில் கூறியபடி ஒவ்வொன்றின் சீட்டையும் பாருங்கள்.

மலையேறுபவர்கள் எட்டிப் பார்க்காத ஓர் இடம் மோட்டார்சைக்கிள் பயண உடுப்புக் கடை. ரைனாக்ஸ் போன்ற இந்திய நிறுவனங்கள் லடாக் சாலைகளில் செல்பவர்களுக்காக மழை உடுப்பும் வெப்ப உள்ளுடுப்பும் விற்கின்றன. கையும் இடுப்பும் வண்டியில் அமரும் நிலைக்கேற்ப வெட்டப்பட்டிருக்கும் என்பதால் ஏற்றத்துக்கு முழுதும் பொருந்தாது. ஆனால் நடைப்பயணத்துக்கு நடு அடுக்கும் மழைக்காற்சட்டையும் அங்கே கிடைக்கும்.

இராணுவ உடுப்பைப் பற்றிப் பலரும் கேட்பதுண்டு. 1984 முதல் சியாச்சினில் படை நிற்கிறது. அங்கு வேண்டிய கடுங்குளிர் உடுப்புகளுக்கு நீண்டகாலம் இறக்குமதியையே சார்ந்திருந்தோம். பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ. உருவாக்கிய மூன்றடுக்குக் கடுங்குளிர் உடுப்பின் தொழில்நுட்பம் 2021 டிசம்பரில் ஐந்து இந்திய நிறுவனங்களுக்கு வழங்கப்பட்டது. அடுக்குகளைக் கூட்டியும் குறைத்தும் 15 டிகிரி முதல் மைனஸ் 50 டிகிரி வரை பயன்படும்படி வடிவமைக்கப்பட்டது அது. சென்னையை அடுத்த ஆவடியிலுள்ள படைத்துறை உடைத் தொழிற்சாலை, 2021 அக்டோபர் முதல் ட்ரூப் கம்ஃபர்ட்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனத்தின்கீழ் இயங்குகிறது. திறமை நாட்டில் இருக்கிறது என்பதற்கு இவை சான்று. ஆனால் இவ்வழிகளின் முதன்மை வாங்குநர் அரசு. அரசின் மின்சந்தைத் தளத்தில் தனிநபர் பொருள் வாங்க முடியாது. சந்தையில் ‘இராணுவச் சரக்கு’ என்று கூவி விற்கப்படுபவற்றை நம்பாதீர்கள். படைவீரர் என்று பிறரை நம்பச் செய்யும் நோக்கில் சீருடை அணிவது குற்றம். எல்லைப்புற மாவட்டங்களில் அந்த வண்ணப்புள்ளித் துணியோடு நடமாடுவது வீண் விசாரணையை வரவழைக்கும்.

மணாலி, லே, டெல்லிச் சந்தைகளில் புகழ்பெற்ற அயல்நாட்டு முத்திரையோடு இரண்டாயிரம் ரூபாய்க்குத் தொங்கும் ஜாக்கெட்டுகள் போலியே. கோர்டெக்ஸ் என்ற நீர்த்தடுப்புத் துணியை உரிமம் பெற்ற ஆலைகள் மட்டுமே தைக்க முடியும். அந்தப் பெயர் பொறித்த மலிவு ஜாக்கெட் தன் பொய்யைத் தானே சொல்லிவிடுகிறது. அதே சந்தையில் முத்திரையின்றி விற்கும் லூதியானா ஃபிளீஸை நான் தயங்காமல் வாங்குவேன்.

ஆறாம் படி: தயாரிப்பாளரிடம் கேளுங்கள்

உள்நாட்டில் வாங்குவதன் பெரும்பயன் கேட்க முடிவது. மின்னஞ்சலில் கேளுங்கள், பதில் எழுத்தில் இருக்கும். எந்த ஊரில் தைக்கப்படுகிறது? நீர்த்தடுப்பு எண் எந்த முறையில், எந்த ஆய்வகத்தில் அளக்கப்பட்டது, அறிக்கையைக் காட்ட இயலுமா? எல்லாத் தையல்களிலும் நாடா ஒட்டப்பட்டுள்ளதா, தோள், தலையுறைத் தையல்களில் மட்டுமா? கிழிந்தால் யார் சரிசெய்வார்கள், எத்தனை ஆண்டு? நெசவுத்துறை ஆராய்ச்சிச் சங்கங்களான கோயம்புத்தூரின் சிட்ராவும் மும்பையின் பிட்ராவும் துணிகளைச் சோதிக்கும் ஆய்வகங்கள் நடத்துகின்றன. விளையாட்டுத் துணிகளுக்கான சிறப்பு மையம் மகாராஷ்டிரத்தின் கம்பளி ஆராய்ச்சிச் சங்கத்தில் இயங்குகிறது. ஆகவே சோதனைக்கு இங்கே வசதியில்லை என்ற பதில் ஏற்கத்தக்கதன்று. பொருள் தயாரான நாட்டைப் பற்றிப் பொய்யான தகவல் தரப்பட்டிருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம்.

ஏழாம் படி: வீட்டில் சோதியுங்கள்

திருப்பியனுப்பும் கெடு முடியுமுன் இச்சோதனைகளைச் செய்து முடியுங்கள். முதலில் சமையலறைத் தராசில் நிறுங்கள். விளம்பரத்தில் சொன்ன எடைக்கும் உண்மை எடைக்கும் உள்ள வேறுபாடு, மற்ற எண்களை எவ்வளவு நம்பலாம் என்பதைக் காட்டிவிடும். பிறகு உட்புறத்தைப் புரட்டி, தோள், அக்குள், தலையுறை, பைத் தையல்களில் நாடா இடைவெளியின்றி ஓடுகிறதா, ஓரங்களில் தூக்கிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

நீர்ச்சோதனைக்கு முன் விற்பனையாளர் நனைந்த உடுப்பைத் திரும்ப ஏற்பாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வெளிர்நிறப் பருத்திச் சட்டையின்மேல் ஜாக்கெட்டை அணிந்து, 8 கிலோ எடையுள்ள முதுகுப்பையை மாட்டிக்கொண்டு, குளியலறைப் பூந்துளிக்குழாயின் கீழ் பதினைந்து நிமிடம் நில்லுங்கள். ஈரத்தின் தடம் சட்டையில் எங்கே தெரிகிறதோ அங்கேதான் மலையிலும் தெரியும். பட்டைக்கு அடியில் தோளிலும், ஜிப்பின் ஓரத்திலும், கழுத்திலும் பாருங்கள்.

பாறையேறுபவர்களுக்கு வெட்டும் அளவும் நீர்த்தடுப்பைப்போலவே முக்கியமானவை. உள்ளே ஃபிளீஸும் மேலே கயிறு கட்டும் இடுப்புக் கச்சையும் (ஹார்னெஸ்) அணிந்து, இரு கைகளையும் தலைக்கு மேல் முழுதும் நீட்டுங்கள். ஜாக்கெட்டின் கீழோரம் கச்சையை விட்டு வெளியே வந்தால் அது ஏற்றத்துக்கு ஆகாது. தலையுறை ஹெல்மெட்டின் மேல் ஏற வேண்டும், ஏறியபின் தலையைத் திருப்பினால் கண்ணை மறைக்கக்கூடாது. பைகள் கச்சைக்கு மேலே இருக்க வேண்டும். கயிறு பிடித்து நிற்கும்போது அணியும் வெப்ப ஜாக்கெட்டுக்கு இருபுறமும் திறக்கும் ஜிப் தேவை. கீழிருந்து திறந்தால்தான் ஏறுபவரின் கயிற்றைப் பிடித்து நிறுத்த இடுப்பில் மாட்டியுள்ள பிலே சாதனத்தை எட்ட முடியும். தடித்த கையுறையோடு எல்லா ஜிப்புகளையும் இழுத்துப் பாருங்கள். இங்குள்ள பல ஜாக்கெட்டுகள் நகரத்தவருக்கான வெட்டில் மலைக்கான துணியைத் தைத்தவை என்பதால், அவை தோற்பது இந்தச் சோதனைகளில்தான்.

கை நீளமாக இருந்தால் ஃபிளீஸையும் செயற்கைப் பஞ்சு ஜாக்கெட்டையும் தெருமுனைத் தையற்காரரிடமே கொடுத்துக் குறைக்கலாம். நீர்த்தடுப்பு மேலுடுப்பை மட்டும் கொடுக்காதீர்கள். நாடா ஒட்டும் சூட்டு இயந்திரம் இல்லாத இடத்தில் விழும் ஒவ்வோர் ஊசித்துளையும் நீர் புகும் வழியாகும்.

எட்டாம் படி: வாடகைக்கு எடுக்க வேண்டியவை

வாழ்வில் ஒருமுறை மட்டும் 5,000 மீட்டருக்கு மேல் செல்பவர் கனமான தூவி ஜாக்கெட்டை விலைக்கு வாங்குவது வீண். பயண ஏற்பாட்டு நிறுவனங்கள் பல சாங்க்ரி போன்ற தொடக்க ஊர்களிலேயே வாடகைக்குத் தருகின்றன. உத்தரகாசி, டார்ஜிலிங் மலையேற்றக் கழகங்களில் பயிற்சிக்குச் சேர்பவர்கள், கழகம் என்ன தரும் என்ற பட்டியலைப் பார்த்தபின் வாங்கலாம். உள்ளடுக்கு, ஃபிளீஸ், காற்றுத்தடுப்பு மூன்றையும் சொந்தமாக வைத்துக்கொண்டு மற்றதை வாடகைக்கு எடுப்பது பணத்துக்கும் பைக்கும் நல்லது.

ஒன்பதாம் படி: நம் ஊர்க் காற்றில் பாதுகாத்தல்

பயணம் பத்து நாள். மிச்ச ஆண்டு முழுவதும் உடுப்பு கிடப்பது சென்னையின், நாகப்பட்டினத்தின், தூத்துக்குடியின் ஈரக்காற்றில். பாலியுரித்தேன் பூச்சு ஈரத்தோடு சேர்ந்து சிதைவது வேதிவினை. அதைத் தாமதப்படுத்தலாமே அன்றித் தடுக்க முடியாது. நெகிழிப் பையில் கட்டி இரும்புப் பெட்டியில் அடைக்காமல், அலமாரியில் தோள்மாட்டியில் தொங்கவிட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலங்களை அருகில் வையுங்கள். தூவி ஜாக்கெட்டை அழுத்திச் சுருட்டிய நிலையில் வைக்கவே கூடாது. அழுந்திய தூவி விரியும் ஆற்றலை இழக்கும்.

சலவையில் துணி மென்மையாக்கியைச் சேர்க்க வேண்டாம். அது நீர் விலக்கும் பூச்சைக் கெடுக்கும், உள்ளாடையின் வியர்வை கடத்தும் தன்மையையும் குறைக்கும். மேலுடுப்பை மென்மையான திரவச் சவர்க்காரத்தில் கையால் அலசி, நிழலில் உலர்த்தியபின், சீட்டில் அனுமதி இருந்தால் மெல்லிய பருத்தித் துணியை மேலே விரித்துக் குறைந்த சூட்டில் இஸ்திரி போடுங்கள். நீர்த்துளிகள் மீண்டும் முத்து முத்தாக உருளும். அப்படி உருளாமல் துணி ஈரத்தை உறிஞ்சத் தொடங்கினால் நீர்த்தடுப்புச் சவ்வு பழுதாகிவிட்டது என்று எண்ணித் தூக்கி எறியாதீர்கள். தேய்ந்தது வெளிப்பூச்சு மட்டுமே, அதைத் தெளிப்பானாக வாங்கி மீண்டும் பூசிக்கொள்ளலாம். உட்பூச்சே வெள்ளைத் தூளாக உதிர்ந்தால்தான் அந்த மேலுடுப்பின் ஆயுள் முடிந்தது.